கோரக்கர் மூலியும் வலிப்பு நோயும்: கன்னாபிடையால் மருந்தின் வரலாறு – கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் கன்னாபிடையால் என்னும் வேதிப்பொருள் 2018இல் வலிப்பு நோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை நீடித்துச் செயல்படும் ஊசியாக்கும் முயற்சிகளும் இன்று நடைபெற்று வருகின்றன. இம்மருந்தின் முன்வரலாறாகப் பெரும்பாலும் 1839ஆம் ஆண்டின் கல்கத்தாச் சோதனைகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவ்வழக்கம் எவ்வளவு பொருத்தமுடையது என்பதை இக்கட்டுரை வினவுகிறது. கஞ்சா என்றவுடன் வழக்குகளும் வதந்திகளும் நினைவுக்கு வரும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வரலாற்றைத் திருத்தமாக அறிவதன் தேவையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கஞ்சா, கன்னாபிடையால், வலிப்பு நோய், முயலகன், ஓஷாக்னசி, கம்பம் பள்ளத்தாக்கு, தேக்க ஊசி.

முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற பேரூராட்சி. மேற்கிலும் தெற்கிலும் மலைத்தொடர்கள் எழுந்து நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கு 1895இல் பெரியாற்று அணை நீரைப் பெற்ற பின் நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் பூமியாயிற்று. ஆயினும் தமிழகத்தின் பிற பகுதியினரிடம் கம்பம், வருசநாடு என்னும் பெயர்களைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கஞ்சாவே. மலைக்காடுகளில் கள்ளத்தனமாகப் பயிரிடப்பட்டதும், காவல்துறையினர் அவற்றை அழித்ததும், அண்டை இடுக்கி மாவட்டத்தோடு இணைத்துப் பேசப்பட்டதும் செய்தித்தாள் வழியாகவும் திரைப்படம் வழியாகவும் இந்நிலத்தின் மீது படிந்த பெயராகும். உழைத்து வாழும் வேளாண்குடிகள் மீது ஏற்றப்பட்ட இப்பெயர் நியாயமற்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. எனினும் அதன் விளைவு ஒன்றைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க இயலாது.

“கஞ்சாவிலிருந்து வலிப்புக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற செய்தி, கஞ்சா எளிதில் கிடைக்கும் எனக் கருதப்படும் இடத்தில் ஒரு பொருளைத் தருகிறது. அது கிடைக்காத இடத்தில் வேறொரு பொருளைத் தருகிறது. வலிப்புள்ள குழந்தையை வைத்திருக்கும் பெற்றோர் அச்செய்தியை எவ்வாறு புரிந்துகொள்வர் என்பது வெறும் ஆய்வு வினா அன்று. இம்மருந்து எச்செடியின் எப்பொருள், எவ்வாறு வந்தது, எதனை அது செய்யாது என்பவற்றை வரலாற்று முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முயலகன் என்னும் நோய்

தமிழ் மரபில் வலிப்பு நோய்க்கு நீண்ட பதிவு உண்டு. கொல்லி மழவனின் மகள் ‘முயலகன்’ என்னும் நோயால் உணர்விழந்து கிடந்ததையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் (இன்றைய திருவாசி) திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. ஆடல்வல்லானின் திருவடிக்கீழ் கிடக்கும் உருவத்தின் பெயரும் முயலகன். வடமொழியில் அவ்வுருவமே அபஸ்மாரம், அதாவது நினைவழிவு. நோய்க்கும் அசுரனுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அன்று. நோயாளியின் உடலை வேறொன்று பற்றிக்கொண்டது என்னும் எண்ணமே அப்பெயரில் உறைந்துள்ளது.

அவ்வெண்ணம் வழக்கத்திலும் எஞ்சியிருக்கிறது. காக்கை வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதைத் தமிழகத்தின் பேருந்து நிலையங்களில் இன்றும் காணலாம். வலிப்பு தானாக அடங்குவதற்குச் சாவி காரணமாகக் காட்டப்படுகிறது. சட்டமும் நீண்ட காலம் இந்நோயை மனநோயோடு சேர்த்தே வைத்திருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் திருமணத் தகுதியைத் தடுக்கும் நிலைகளுள் ஒன்றாக வலிப்பு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 1999இல் நிறைவேறிய திருத்தம் அச்சொல்லை நீக்கியது. பெண் பார்க்கும் இடங்களில் நோயை மறைக்கும் வழக்கம் அத்திருத்தத்தோடு மறைந்துவிடவில்லை. மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்துவதே மீண்டும் வலிப்பு வருவதற்குக் காரணமாகிவிடுகிறது. கட்டுரையின் இறுதியில் ஊசி குறித்துப் பேசும்போது இச்செய்தி மீண்டும் தேவைப்படும்.

மருந்து நூல்களில் கஞ்சா

சித்த மருத்துவ வழக்கில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி, சித்தமூலி, பங்கி எனப் பல பெயர்கள் உள்ளன. இலேகியங்களிலும் சூரணங்களிலும் அது சேர்க்கப்பட்டது. ஆனால் நஞ்சுடைய மூலிகையாகவே கருதப்பட்டு, தூய்மை செய்த பின்னரே சேர்க்கப்பட்டது. இன்றும் இந்திய மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டவிதிகளின் நஞ்சுப் பொருள் அட்டவணையில் சித்த மருத்துவத்துக்குரிய பகுதியில் கஞ்சா இடம்பெறுகிறது. ‘நம் முன்னோர் தாராளமாகப் பயன்படுத்தினர்’ என்று பெருமை பேசுவோர் இவ்வெச்சரிக்கையை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஐரோப்பியர் தொகுத்த மருந்து நூல்களுள் தமிழ்ப் பெயர்களோடு கஞ்சாவைக் குறித்தவற்றில் வைட்லா எயின்ஸ்லியின் நூல் முக்கியமானது. சென்னையில் 1813இல் வெளிவந்த அந்நூல் 1826இல் விரிவாக்கப்பட்டு இலண்டனில் அச்சாயிற்று. 1868இல் எட்வர்டு ஜான் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலுக்கு, சென்னை மருத்துவர் முகைதீன் செரீப் 1869இல் ஒரு துணைநூல் எழுதினார். மருந்துச் சரக்குகளின் நாட்டு மொழிப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அருஞ்செயல் அது. ஒரே பெயரில் வேறு சரக்கு விற்கப்படும் குழப்பத்தை நீக்குவதற்கு அத்தகைய நூல் தேவைப்பட்டது. கஞ்சாவைப் பொறுத்தவரை அக்குழப்பம் பெயரோடு நிற்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்கத்தா, 1839

அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்த வில்லியம் புரூக் ஓஷாக்னசி 1833இல் இந்தியா வந்தார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்தி அமைத்தவரும் இவரே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தபோது, கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துச் சோதித்தார். 1839இல் வங்காள மருத்துவச் சங்கத்தில் அவர் அளித்த கட்டுரை மேலை மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் தேடித் தந்தது. முடக்குவாதம், வெறிநாய்க்கடி, வாந்திபேதி, இசிவு நோய் ஆகியவற்றோடு ஒரு குழந்தையின் வலிப்பும் அதில் இடம்பெறுகிறது.

நாற்பது நாள் பெண் குழந்தை அது. வழக்கமான மருந்துகள் பயன்தராத நிலையில் கஞ்சாச் சாராயக் கரைசல் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரே துளி குழந்தையை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தியது. பின்னர் அதே விளைவுக்கு நாள் ஒன்றுக்கு 130 துளிகள் வரை தேவைப்பட்டன. குழந்தை நலம் பெற்றது. ஓஷாக்னசி, வலிப்பை எதிர்க்கும் அரிய மருந்து மருத்துவத்துறைக்குக் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

கன்னாபிடையால் பற்றிய இன்றைய கட்டுரைகள் பலவும் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றன. இத்தொடக்கம் இரு காரணங்களால் ஐயத்துக்குரியது. முதலாவது, ஒரு குழந்தை நலம் பெற்றதைக் கொண்டு மருந்தின் திறனை முடிவு செய்ய இயலாது. பச்சிளங்குழந்தைகளின் வலிப்புகளுள் தாமாக நின்றுவிடுவனவும் உண்டு. இரண்டாவது இன்னும் முக்கியமானது. அக்குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது பிசின் மிகுந்த இந்தியக் கஞ்சாவின் சாறு. அதில் மேலோங்கியிருப்பது மயக்கம் தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. ஆழ்ந்த மயக்கமும், நாளடைவில் அளவு கூட்ட வேண்டியிருந்ததும் அப்பொருளின் இயல்பையே காட்டுகின்றன. ஆகவே 1839ஆம் ஆண்டின் குழந்தையைக் கன்னாபிடையாலின் முதல் நோயாளியாகக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும்.

அடுத்த தலைமுறை மருத்துவர்களின் சான்றும் ஓஷாக்னசியின் உற்சாகத்தைத் தாங்கிப் பிடிக்கவில்லை. நரம்பியல் முன்னோடியான வில்லியம் கவர்ஸ் 1881இல் வெளியிட்ட வலிப்பு நோய் நூலில், இந்தியக் கஞ்சா சிலவேளை பயன்படுவதாயினும் புரோமைடுக்கு ஈடாகாது என்ற கருத்தையே தெரிவித்தார். 1857 முதல் வழக்கிற்கு வந்த புரோமைடு, 1912இல் பெனோபார்பிட்டோன், 1938இல் பெனிட்டாயின் என அளவு நிலையான மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறும் கஞ்சாச் சாறு அவற்றோடு போட்டியிட இயலவில்லை. 1932க்குப் பின் பிரித்தானிய மருந்து நூலிலிருந்தே அது நீங்கியது. ஆக, கஞ்சா வலிப்பு மருத்துவத்திலிருந்து விலகியதற்குச் சட்டத் தடை மட்டும் காரணமன்று. மருந்தாக அது தோற்றிருந்தது.

ஆணையமும் சட்டமும்

1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை அளித்தது. ஆணையத்தின் முதன்மைக் கவலை கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறதா என்பதே. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த ஆணையம், அவற்றில் காரணமாகக் கஞ்சா குறிக்கப்பட்ட முறையே நம்பத்தக்கதன்று எனக் கண்டது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை எனவும், முற்றாகத் தடுப்பதினும் வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே ஏற்றது எனவும் கூறியது. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. அரசுக்குக் கஞ்சா ஒரு வருவாய்ப் பொருள். ஆணையத்தின் முடிவை வாசிக்கும்போது இதனையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1937ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம் போதைப்பொருள்களையும் தன்னுள் அடக்கியது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கைக்குப் பின் இந்தியா 1985இல் போதைப் பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பள்ளத்தாக்கின் பல குடும்பங்கள் கஞ்சாவை அறிந்தது மூலிகை நூல்களின் வழியாக அன்று, இச்சட்டத்தின் வழியாகவே. சுமை தூக்கியவரும் காவல் இருந்தவரும் பிடிபட, பணம் போட்டவர் வெளியில் இருந்த கதைகள் இம்மாவட்டத்தில் பல.

இச்சட்டத்தின் வரையறை கவனிக்கத்தக்கது. அது செடியின் உறுப்பைக் கொண்டு கஞ்சாவை வரையறுக்கிறது: பூக்கும் அல்லது காய்க்கும் நுனி கஞ்சா, நுனி சேராத இலையும் விதையும் அவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்னும் வினா அவ்வரையறையில் இல்லை. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட ஒன்றிய அரசு அனுமதிக்கவும் வழியுண்டு. ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் கஞ்சா ஆராய்ச்சியை மேற்கொண்டிருப்பது அத்தகைய அனுமதியின்கீழ்தான். 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து 27க்கு 25 என்னும் வாக்குகளில் நீக்கியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

வேதிப்பொருள் பிரிந்த கதை

கன்னாபிடையாலை 1940இல் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழக வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ். அவர் எடுத்துக்கொண்டது மினசோட்டாவில் தானே வளர்ந்து கிடந்த நார்ச்சணல் வகைச் செடி. கயிறு திரிக்கும் செடியிலிருந்து வந்த பொருள் அது; புகைக்கும் செடியிலிருந்து வந்ததன்று. 1963இல் இசுரேலின் ரபேல் மெக்கூலம் அதன் மூலக்கூறு அமைப்பைத் தெளிவாக்கினார். மறு ஆண்டில் டி.எச்.சி.யின் அமைப்பு தெளிவாயிற்று. அன்றுமுதல் ‘கஞ்சா செய்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதற்கு அறிவியலில் இடமில்லாமல் போயிற்று. எப்பொருள் செய்கிறது என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது.

வலிப்பில் கன்னாபிடையாலை முறையாகச் சோதித்த முதல் ஆய்வுகளுள் ஒன்று பிரேசிலின் சாவோ பவுலோவில் நடந்து 1980இல் வெளிவந்தது. நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை கன்னாபிடையால் பெற்ற 8 நோயாளிகளுள் 4 பேர் ஏறத்தாழ வலிப்பின்றி இருந்தனர், 3 பேருக்கு ஓரளவு நலம், ஒருவருக்குப் பயனில்லை. போலி மருந்து பெற்றோருள் ஒருவரே தெளிவாக முன்னேறினார். எண்ணிக்கை சிறிதாயினும் முடிவு ஊக்கமளிப்பதாக இருந்தது. இருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரிதாகத் தொடரப்படவில்லை. 2013இல் அமெரிக்காவின் கொலராடோவில் டிரவே நோயால் துன்புற்ற சார்லட் பிகி என்னும் சிறுமியின் கதை தொலைக்காட்சியில் வெளியான பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஆய்வு நூலகத்தில் உறங்கிய முடிவை ஒரு தாயின் பிடிவாதம் எழுப்பியது எனலாம்.

2017இல் வெளியான ஆய்வில் டிரவே நோயுடைய 120 சிறுவர்களும் இளையோரும் பங்கேற்றனர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கன்னாபிடையால் பெற்றோரிடம் மாதாந்திர வலிப்புகளின் நடுவெண் 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. போலி மருந்துக் குழுவில் 14.9இலிருந்து 14.1 ஆனது. 2018 சூன் 25 அன்று எபிடியோலெக்சு என்னும் பெயரில் அம்மருந்து ஒப்புதல் பெற்றது. டிரவே, லெனாக்சு-கஸ்டாட் என்னும் இரு கடுமையான வலிப்பு நோய்களுக்கும், 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோய் சார்ந்த வலிப்புக்கும் அது உரியது. எல்லா வலிப்புக்கும் உரிய மருந்தன்று. வலிப்பை முற்றாக நிறுத்துவது சிலரிடம் மட்டுமே, பெரும்பாலோரிடம் குறைக்கிறது. அறிமுகக் காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 32,500 டாலர் என அதன் விலை குறிக்கப்பட்டது.

அம்மருந்து கரைக்கப்பட்டிருப்பது நல்லெண்ணெயில். கன்னாபிடையால் நீரில் கரையாது, எண்ணெயை நாடும். மூலிகைச் சத்தை எண்ணெயில் இறக்கும் நம் தைல முறையை அறிந்தவர்க்கு இச்செய்தி புன்னகை தரலாம். ஒற்றுமை எண்ணெயோடு முடிகிறது. ஒரு மில்லிலிட்டருக்குச் சரியாக 100 மில்லிகிராம் என்னும் அளவுறுதிதான் அதனை மருந்தாக்குகிறது.

நீடித்துச் செயல்படும் ஊசி: கணக்கும் தடையும்

எண்ணெயை நாடும் இவ்வியல்பே சிக்கலுக்கும் காரணம். வாய்வழி உட்கொண்ட கன்னாபிடையாலில் வெறும் வயிற்றில் சுமார் 6 விழுக்காடே குருதியைச் சென்றடைகிறது. எஞ்சியது குடலிலும் கல்லீரலிலும் இழக்கப்படுகிறது. கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டால் குருதியில் சேரும் அளவு நான்கைந்து மடங்கு உயர்கிறது. காலையில் கஞ்சியோடு ஒரு நாளும் கறிக்குழம்போடு மறுநாளும் மருந்து குடிக்கும் குழந்தையின் குருதியில் அளவு ஒருபோல் இராது. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே குருதியில் சிறிது சிறிதாகக் கசியும் ஊசி என்னும் எண்ணம் இவ்விடத்திலேயே பிறக்கிறது.

தேக்க ஊசி புதியதன்று. மனச்சிதைவு நோய்க்கான புளூபெனசின், ஹாலோபெரிடால் மருந்துகளின் டெக்கனோயேட் வடிவங்கள் பல பத்தாண்டுகளாகத் தசையில் இடப்படுகின்றன. அவையும் நல்லெண்ணெயில் கரைந்தவையே. மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளிகளுக்காகவே அவை உருவாயின. வலிப்பிலும் மாத்திரை தவறுதல் பெருஞ்சிக்கல் என்பதை முன்னரே கண்டோம்.

கன்னாபிடையாலுக்கு அதே வழி ஏன் எளிதில் திறக்கவில்லை? ஒரு கணக்குப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் என்றால் மாதத்திற்கு 12,000 மில்லிகிராம். அதில் 6 விழுக்காடு குருதியை அடைந்தால் 720 மில்லிகிராம். நல்லெண்ணெயில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்தால் 7.2 மில்லிலிட்டர் ஊசி வேண்டும். உணவோடு கொடுத்தபோது சேரும் அளவை எட்ட வேண்டுமெனில் இது நான்கு மடங்காகும். பெரியவரின் இடுப்புத் தசையிலேயே ஓரிடத்தில் 5 மில்லிலிட்டருக்கு மேல் இடுவதில்லை. ஹாலோபெரிடாலுக்கு மாதம் ஓரிரு நூறு மில்லிகிராம் போதும். இங்கு தேவை கிராம் கணக்கில். ஆகவேதான் ஆய்வாளர்கள் வெற்றெண்ணெயை விட்டு, கொழுப்புக் குமிழிகளிலும் உடலில் கரையும் பலபடித் துகள்களிலும் மருந்தைச் செறிவாக அடைக்க முயல்கின்றனர். இசுரேலில் மூட்டுநோயுள்ள நாய்களுக்குத் தோலடியில் இடப்பட்ட குமிழி வடிவக் கன்னாபிடையால் வாரக்கணக்கில் குருதியில் காணப்பட்டது. மனிதரின் வலிப்புக்கு ஒப்புதல் பெற்ற இத்தகைய ஊசி இன்னும் வரவில்லை.

வேறொரு தடையும் உண்டு. கன்னாபிடையால் சிலரிடம் கல்லீரல் நொதிகளை உயர்த்துகிறது. வால்ப்ரோயேட் உடன் சேரும்போது இது மிகுகிறது. குளோபசாமுடன் சேர்ந்தால் தூக்கக்கலக்கம் கூடுகிறது. வாய்வழி மருந்தெனில் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். ஒரு மாதத்திற்கு உடலில் இட்ட மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது. மருந்து தொடங்கும் முன்பும், 1, 3, 6 மாதங்களிலும் கல்லீரல் சோதனை தேவை என்னும் இன்றைய நெறி, ஊசிக்கு இன்னும் இறுக்கமாக வேண்டியிருக்கும்.

பள்ளத்தாக்கின் நிலை

மேற்கண்ட செய்திகளைக் கம்பம் பள்ளத்தாக்கோடு பொருத்திப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இப்பகுதி எச்செடியால் பெயர் கெட்டதோ அச்செடி டி.எச்.சி. மிகுந்த வகையைச் சார்ந்தது. கன்னாபிடையால் நார்ச்சணல் வகையில் மிகுவது. பூநுனியைப் புகைப்பதாலோ பாலில் காய்ச்சிக் கொடுப்பதாலோ மேற்சொன்ன ஆய்வுகளின் பயன் குழந்தைக்குக் கிடைக்காது. அளவு தெரியாத மயக்கப்பொருள் வளரும் மூளைக்குச் செல்வதும், அதை நம்பி உரிய மாத்திரை நிறுத்தப்படுவதும் மட்டுமே மிஞ்சும். முகைதீன் செரீப் கவலைப்பட்ட பெயர்க்குழப்பம், ஒரே பெயரில் வேறு சரக்கு, இங்கு ஒரே செடியின் பெயரில் வேறு வேதிப்பொருளாக மீண்டும் நிற்கிறது.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடையவர் எனவும், முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காடு வரை வலிப்பின்றி வாழ இயலும் எனவும் உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. தமிழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை மருத்துவம் 1952இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் செய்யப்பட்டது. அண்டைக் கருநாடகத்தின் எளந்தூரில் கே.எஸ். மணியும் குழுவினரும் நடத்திய ஊரக ஆய்வு, பெனோபார்பிட்டோன், பெனிட்டாயின் போன்ற மலிவான மருந்துகளைத் தவறாமல் கொடுத்துத் தொடர்ந்து கண்காணித்தாலே சிற்றூர்களில் வலிப்பைப் பெரிதும் கட்டுப்படுத்த இயலும் எனக் காட்டியது. ஓடைப்பட்டியின் நோயாளிக்குக் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறது. கன்னாபிடையால் ஊசி நாளை வரினும் அது முதலில் சென்று சேர வேண்டியது, இம்மருந்துகளுக்கு அடங்காத அரிய நோயுடைய சிலரையே. மாதம் ஒருமுறை இடும் ஊசியால் பலரும் பயன்பெற வேண்டுமாயின், கன்னாபிடையாலுக்கு முன்பாக அவர்கள் இன்று உண்ணும் மலிவான மாத்திரைகளுள் ஒன்றைத் தேக்க ஊசியாக்குவதே பொருத்தமாகும்.